சீர் வண்டியில் தண்ணீர்

என்ன கேட்டே? திருப்பிச் சொல்லு. 'வெள்ளத்துல முங்கின வண்டியா சார்'னு தானே கேட்டே? சாவியைக் கையில வாங்கி இன்னும் கதவைக்கூடச் சாத்தல. அதுக்குள்ள கேட்டுட்டே. சீட்டு போல்ட்டுல துரு இருக்காம். மெட்ராஸ் நம்பராம். போதும், தீர்ப்பு எழுதிட்டாரு ஆக்டிங் டிரைவர். இறங்கு. இறங்குன்னா இறங்கு தம்பி. துறையூர் எங்கயும் ஓடிப்போயிடாது. முக்கா மணி நேரத்து ரோடு. பன்னெண்டு மணிக்குத்தான் ராகுகாலம், அதுக்குள்ள என் பொண்ணு அந்த வீட்டுப் படியை விட்டு இறங்கி இந்த வண்டியில ஏறிடணும். உன் வேலை அவ்வளவுதான். ஆனா இந்த நினைப்போட நீ அங்க போய் நிக்கக்கூடாது. அவ மாமியார்க்காரி உன் மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிச்சுடுவா.

உக்காரு. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கோ.

இன்னைக்கு என் பொண்ணு வினோதினிக்கு வளைகாப்பு. தலைப்பிரசவம் பொறந்த வீட்டுலதான், உனக்குத் தெரியாததா? வளையல் போட்டு முடிச்சதும் கையோட கூட்டிட்டு வந்துடணும். மேல் ரூமுக்கு ஏறி இறங்க வேணாம்னு கீழ் ரூமை வெள்ளையடிச்சு, கட்டில் போட்டு, பாத்ரூம்ல பிடிச்சுக்க இரும்புக் கம்பி அடிச்சு வெச்சிருக்கேன். என் சம்சாரம் ருக்குமணி நேத்தே கிளம்பிட்டா. வளையல் பெட்டியும் சீர்த்தட்டுமா பஸ்ல போனா. 'வீட்டுல வண்டி நிக்குதே, டிரைவர் போட்டுப் போயேண்டி'ன்னேன். 'அந்த வண்டியில போய் அந்த வாசல்ல இறங்க என்னால முடியாது'ன்னுட்டா. என்ன பேச்சு பாரு. வண்டி மேல என்ன கோவம்?

நான் ஏன் போகலைன்னு பார்க்கறியா? வளைகாப்பு பொம்பளைங்க சமாச்சாரம். அங்க எனக்கென்ன வேலை? அது ஒண்ணு. இன்னொண்ணு, அவங்களா வந்து 'சம்பந்தி, தப்பு எங்க மேலதான்'னு சொல்ற வரைக்கும் அந்த வாசல்ல கால் வைக்கிறதில்லைன்னு சொல்லியிருக்கேன். சொன்னா சொன்னதுதான். வைரப்பெருமாள் பைப் கடைன்னு முசிறியில யாரை வேணா கேட்டுப் பாரு. வாக்கு மாற மாட்டான்னு சொல்லுவாங்க. வாயாடின்னும் சொல்லுவாங்க. அது பொறாமை.

கதையை முழுசாக் கேட்டுக்கோ. அங்க போய் யாராவது ஒரு வார்த்தை கேட்டா நீ பதில் சொல்லணும்ல?

கல்யாணம் போன வருஷம் வைகாசியில. மாப்பிள்ளை பேரு சுகுமாரன், பேங்க் வேலை. பையன் நல்ல பையன்தான், நான் இல்லைங்கல. அம்மா சேலைத் தலைப்பைப் பிடிச்சுக்கிட்டே வளர்ந்தவன், அவ்வளவுதான். அப்பா இல்லை. அம்மா தனபாக்கியம். அவங்க வண்டி கேக்கல. ஆமா, கேக்கல. நானாத்தான் குடுத்தேன். கேக்கறதுக்கு முந்தி குடுக்கணும், அப்பத்தான் நம்ம பொண்ணு தலை நிமிர்ந்து நடப்பா. மெட்ராஸ்ல ஒரு ஆடிட்டர் வெச்சிருந்த வண்டி. ஆபீஸுக்கும் வீட்டுக்கும் தவிர ஓடாத வண்டி. பெரிய வெள்ளம் வந்தப்போ இந்த வண்டி கம்பெனியிலயே பொறக்கல தம்பி! பொறக்காத வண்டி எப்படி முங்கும்? சொல்லு. முங்குமா?

அஞ்சு மாசம் ஒரு குத்தம் கிடையாது. ஐப்பசி வந்துச்சு. தலைதீபாவளி. பொண்ணும் மாப்பிள்ளையும் துறையூர்ல இருந்து கிளம்பறாங்க, வானம் பொத்துக்கிட்டு ஊத்துது. இங்க வந்து இறங்கினா வினோதினி செருப்பைக் கையில பிடிச்சிருக்கா. முன் சீட்டுல அவ கால் வெச்சிருந்த இடத்துல கணுக்கால் முங்கத் தண்ணி. அது பின்னாடியும் ஓடிப்போய், பின் சீட்டுக்குக் கீழ ஒரு பை வெச்சிருந்தாங்க, அது நனைஞ்சு போச்சு. பைக்குள்ள என்ன தெரியுமா? மாமியார் மருமகளுக்குன்னு ஆசையா எடுத்த பட்டு. தீபாவளிக்குக் கட்டிக்கறதுக்கு. மாம்பழக் கலர்ப் பட்டு, வெளியில எடுத்தா டீத்தூள் கலர்ல இருக்கு. நாத்தம் வேற.

சுகுமாரன் அவங்கம்மாவுக்குப் போன் போட்டான். போட்டவன் சும்மா பேசியிருக்கலாம்ல? ஸ்பீக்கர்ல போட்டான். என் வீட்டுக் கூடத்துல, என் தங்கச்சி, மச்சான், பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாரும் பலகாரத் தட்டோட உக்காந்திருக்கற நேரத்துல, அந்தம்மா சொல்லுது: 'வெள்ளத்துல முங்கின வண்டியைத் துடைச்சு நம்ம தலையில கட்டிட்டாரேடா உங்க மாமனாரு. நல்ல வண்டி வரட்டும், அப்புறம் மருமக வரட்டும்.'

அதிரசத்தை வாயில வெச்ச என் மச்சான் அப்படியே வெச்சிருக்கான், முழுங்கல. எனக்கு உடம்பெல்லாம் எரியுது. ஊர்ல எவன் வீட்டுச் சுவர் ஊறினாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க. எங்க ஒழுகுதுன்னு காதை வெச்சே சொல்லிடுவேன். அப்படிப்பட்டவன் பொண்ணுக்கு ஒழுகற வண்டியைக் குடுத்துட்டான்னு பேராகுது. தூக்கம் வருமா?

மாப்பிள்ளை நல்லபடியாத்தான் சொன்னான், பொய் சொல்லக்கூடாது. 'மாமா, அம்மா ஒரு வேகத்துல பேசிட்டாங்க, மனசுல வெச்சுக்காதீங்க. வண்டியைச் சரிபண்ணுங்க, ரெண்டு நாள் கழிச்சு வினோவை நான் வந்து கூட்டிக்கறேன்'னான். வினோதினியும் 'அப்பா, அத்தை இப்படித்தான், நாளைக்கே மறந்துட்டு என்ன குழம்பு வெக்கட்டும்னு கேப்பாங்க, நான் அவரோடயே போயிடறேன்'னா. நான் விடல. நீ போகக்கூடாதுன்னுட்டேன். முங்கின வண்டி இல்லைன்னு நான் நிரூபிப்பேன், அந்தம்மா வாயால அதைச் சொல்லும், அதுக்கப்புறம் நீ ராணி மாதிரி போ. அதுவரைக்கும் என் பொண்ணு படி தாண்ட மாட்டாள்னு மாப்பிள்ளைகிட்டயே சொல்லிட்டேன். அவன் பஸ் ஏறிப் போனான்.

அழுதா. அழட்டுமே. யாருக்காகச் செய்யறேன்? எனக்கா?

சரி, வண்டிக்கு வா. மொதல்ல திருச்சியில ஒரு ஏசி மெக்கானிக்கிட்ட கொண்டு போனேன். அவன் எட்டிக்கூடப் பார்க்கல, 'ஏசித் தண்ணி போற டியூப் அடைச்சிருக்கும் சார்'ங்கறான். ஏன்டா, ஏசித் தண்ணின்னா தெளிஞ்ச தண்ணியாத்தானே இருக்கும், இது சேறா இருக்கே, இது மழைத்தண்ணின்னு தெரியலையான்னு கேட்டேன். மொறைச்சான். நானும் மொறைச்சேன். டியூப்பைக் கழட்டி ஊதிக் காட்டினான், காத்து சுத்தமா போகுது. வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன். அடுத்தவன் கதவு பீடிங்குன்னான். நாலு கதவுக்கும் புது ரப்பர். தண்ணி வருது. இன்னொருத்தன் முன் கண்ணாடி ஒட்டினது விட்டிருக்கும்னான். சுத்தி சிலிக்கான் அப்பினேன், என் கடைச் சரக்கு, தொட்டிக்கே போடறது. தண்ணி வருது.

அப்புறம்தான் யோசிச்சேன். வீட்டுல ஒழுகினா நான் என்ன பண்ணுவேன்? ஈரம் தெரியற இடத்துல ஒழுகாது. எங்கேயோ நுழைஞ்சு எங்கேயோ வந்து எட்டிப் பார்க்கும். ஈரத்தைத் துடைச்சுக்கிட்டே இருந்தா ஆயுசுக்கும் துடைக்க வேண்டியதுதான், வர்ற வழியைப் பிடிக்கணும். சீட்டு எல்லாத்தையும் கழட்டிக் கம்பளத்தை உரிச்சேன். அடியில பஞ்சு மெத்தை மாதிரி ஒண்ணு இருக்கு பாரு, அதைப் பிழிஞ்சா பக்கெட் நிறையுது. எடுத்து மாடியில காயப் போட்டேன். வெறும் தகரத்தைத் துணியால ஒத்தி ஒத்திக் காயவெச்சேன். அது மேல பொடி மாதிரி எதையாவது தூவினா தண்ணி போன தடம் கோடு கோடாத் தெரியும். வீட்டுல என்ன பொடி இருக்கு? பவுடர் டப்பா காலி. பூஜை ரூம்ல விபூதி நிறைய இருந்துச்சு. அதைத் தூவினேன். தரையில, ஓரத்துல, டேஷ்போர்டுக்குக் கீழ, எல்லா இடத்துலயும்.

தடம் தெரிஞ்சா போதுமா? எந்த வாசல் வழியா வருதுன்னு தெரியணும்ல? அதுக்குக் கலர் வேணும். கதவுப் பக்கம் ஊத்தற தண்ணியில மஞ்சப்பொடி கலந்தேன். முன் கண்ணாடியில ஊத்தறதுல துணிக்குப் போடற சொட்டு நீலம். வைப்பருக்குக் கீழ ஓட்டை ஓட்டையா ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்குல்ல, அங்க ஊத்தறதுக்கு என்ன கலர்? குங்குமம். ருக்குமணி கத்தறா. 'அம்பாள் குங்குமத்தைக் கொண்டுபோய் வண்டியில கரைச்சு ஊத்தறீங்களே, உங்களுக்குப் புத்தி இருக்கா'ங்கறா. 'உன் அம்பாள்தான்டி கண்டுபிடிச்சுக் குடுக்கப் போறா, பேசாம குடத்தைப் பிடி'ன்னேன். அவ வெளியில நின்னு ஊத்தறா, நான் உள்ள மல்லாந்து படுத்துக்கிட்டு டார்ச் அடிச்சுப் பார்க்கறேன். மஞ்சள் ஊத்தினா, வரல. நீலம் ஊத்தினா, வரல. குங்குமம் ஊத்தினா பாரு... இடது பக்கம், ஏசிக் காத்தாடி இருக்கற இடத்துக்கு அடியில இருந்து, விபூதி மேல செவசெவன்னு ஒரு கோடு. என் மூஞ்சிக்கு நேரா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு தம்பி. பொண்ணு பொறந்தப்பகூட அப்படி வரல.

பிளாஸ்டிக் மூடியைக் கழட்டினேன். உள்ள ஒரு வாய்க்கால் மாதிரி இருக்கும், கண்ணாடியில விழற மழைத்தண்ணி அதுல இறங்கி, ரெண்டு பக்க ஓட்டை வழியா கீழ ரோட்டுக்குப் போயிடணும். அந்த ஓட்டை ரெண்டும் அடைச்சிருக்கு. எதால அடைச்சிருக்கு? அதைச் சொல்லு பார்ப்போம்.

பூ!

சாமந்தி, அரளி, அருகம்புல், நாரோட முழு மாலையா அழுகிப்போய் களி மாதிரி கிடக்கு. நடுவுல கறுத்துச் சுருங்கின ஒரு எலுமிச்சம்பழம். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அந்தத் தனபாக்கியம்மா இந்த வண்டிக்குப் பூஜை போடும். பானெட்டுக்குக் குறுக்க மாலை கட்டும், வைப்பருக்கு இடுக்குல உதிரிப்பூவும் எலுமிச்சம்பழமும் சொருகும். 'மகன் வண்டி எங்க போனாலும் நல்லபடியாத் திரும்பி வரணும்'னு. வாடின பூவை எடுத்துப் போடாது. சாமிக்குப் போட்ட பூவாம், குப்பையில போடக்கூடாதாம், தானா உதிரணுமாம். உதிர்ந்துச்சு. எங்க உதிர்ந்துச்சு? பானெட் ஓரத்து இடுக்கு வழியா அதுக்குள்ள உதிர்ந்துச்சு. வாய்க்கால் அடைச்சு, தண்ணி ஏறி, காத்து உள்ள இழுக்கற ஓட்டை வழியா என் பொண்ணு காலுக்கு வந்துச்சு. நான் குடுத்த வண்டியில ஒரு குத்தமும் இல்ல. குத்தம் அவ கையில! தெருவே கேக்கறமாதிரி கத்தினேன் நான்.

சத்தம் கேட்டு வினோதினி ஓடி வந்தா. பார்த்தா. சிரிச்சா. தீபாவளிக்கு அப்புறம் அன்னைக்குத்தான் அந்தப் பொண்ணு சிரிச்சுப் பார்த்தேன். 'அவ்வளவுதானாப்பா? பூ தானா? எடுத்துப் போட்டுடுங்க, நான் போய் அத்தைகிட்ட இனிமே வைப்பர்ல பூ சொருகாதீங்கன்னு சொல்லிடறேன், அவங்களே சிரிப்பாங்க'ன்னு கையை உள்ள விடப் போனா. தட்டி விட்டேன். தொடாதே! இது சாட்சி. அவங்க வந்து கண்ணால பார்க்கணும்.

அதுல என்ன தப்பு? நீ சொல்லு. நீயா இருந்தா எடுத்துப் போட்டுட்டுப் போயிடுவியா? போவே. உங்களுக்கெல்லாம் மானம்னா என்னன்னு தெரியாது.

சம்பந்தியம்மாவை வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். 'வண்டி விஷயம் தீர்ந்துச்சு, வந்து பொண்ணைக் கூட்டிட்டுப் போங்க'ன்னு. அவங்க வர்ற அன்னைக்குக் காலையிலேயே எல்லாத்தையும் ஒழுங்கா எடுத்து வெச்சேன். எதிர் வீட்டுக்காரங்க, என் மச்சான், கடை ஆளுங்க, எல்லாரையும் நிக்க வெச்சேன். சபையில விழுந்த பழி சபையிலதான் போகணும். அந்த அழுகின பூவை உள்ளயே விட்டுட்டு, எலுமிச்சம்பழத்தையும் மேல கிடந்த கொஞ்சம் பூவையும் மட்டும் எல்லாருக்கும் நல்லாத் தெரியட்டும்னு ஒரு வாழையிலையில பரப்பி, வண்டிக்கு முன்னாடி வெச்சேன். விபூதி புதுசாத் தூவினேன். மஞ்சத்தண்ணி ஒரு குடம், குங்குமத்தண்ணி ஒரு குடம், கதவு நாலும் திறந்து தயாரா இருக்கு.

ஆட்டோவுல மகனோட வந்து இறங்குது அந்தம்மா. வாசல்ல கால் வெக்கல. அப்படியே நின்னுடுச்சு. மூஞ்சி வெளிறிப்போச்சு. இலையைப் பார்க்குது. எலுமிச்சம்பழத்தைப் பார்க்குது. வண்டிக்குள்ள விபூதியும் செவப்புமா கிடக்கறதைப் பார்க்குது. 'அய்யய்யோ சுகுமாரா, செய்வினை வெச்சுட்டாருடா! நம்ம குடும்பத்தை அழிக்கச் செய்வினை வெச்சுட்டாருடா!'ன்னு ஒரே கூப்பாடு.

எனக்கு எப்படி இருக்கும்? செய்வினையா? அது உன் எலுமிச்சம்பழம்மா, நீ வெச்சதுன்னு நான் சொல்றேன், காதுலயே விழல அதுக்கு. தலையில அடிச்சுக்குது. என் மச்சான் சிரிக்கிறான், தடிமாடு. நான் விட்டேனா? குங்குமத்தண்ணியை எடுத்து வைப்பர் மேல கவிழ்த்தேன். 'மாப்பிள்ளை, குனிஞ்சு பாருங்க'ன்னேன். அவன் குனிஞ்சு பார்த்தான். உள்ள செவப்பா ஓடி வருது. மூடியைத் தூக்கி, அடைச்சிருக்கற பூவைக் காட்டினேன். புரிஞ்சுக்கிட்டான். படிச்ச பையன். நிமிர்ந்து என்னைப் பார்த்து, 'புரியுது மாமா. எங்க வீட்டுப் பூதான். உங்க மேல தப்பு இல்லை'ன்னான். அவங்கம்மாகிட்ட போய்த் தோளைப் பிடிச்சுக்கிட்டு, 'அம்மா, செய்வினையும் இல்ல ஒண்ணும் இல்ல, நீங்க வெச்ச பூ அடைச்சுக்கிட்டு தண்ணி வந்திருக்கு, அவ்வளவுதான். வினோவைக் கூட்டிட்டு வீட்டுக்குப் போலாம் வாங்க'ன்னான். அந்தம்மாவும் மூக்கை உறிஞ்சிக்கிட்டு ஒரு மாதிரி அடங்குச்சு.

அங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. என்ன, அவ்வளவுதானா? பலகாரத் தட்டு நடுவுல என்னைக் கேவலமாப் பேசினது? அது எங்க போச்சு? 'அதெல்லாம் முடியாது மாப்பிள்ளை. உங்கம்மா வாயால சொல்லணும். முங்கின வண்டி இல்ல, எம்மேலதான் தப்புன்னு இத்தனை பேர் முன்னாடி சொல்லணும். சொல்லிட்டு அந்தப் பூவை அவங்க கையாலயே அள்ளிப் போடணும்'னேன். 'மாமா, வேணாம். பயந்திருக்காங்க'ன்னான். 'வாயைத் திறந்து பேசறப்போ பயம் இல்லையா?' அந்தம்மா பின்னால பின்னால போகுது. 'நான் தொட மாட்டேன், அதுல என்னமோ இருக்கு, நான் தொட மாட்டேன்'னு. தொட மாட்டியா? நான் இலையோட தூக்கி அது காலடியில போட்டேன். எலுமிச்சம்பழம் உருண்டு போய் அது பாதத்துல இடிச்சுச்சு. அவ்வளவுதான், கட்டையாச் சரிஞ்சுடுச்சு. நாடகம். மாப்பிள்ளை தூக்கி ஆட்டோவுல போட்டுக்கிட்டுப் போயிட்டான். போறப்ப என் பக்கம் திரும்பல. மூஞ்சியில ஈயாடல அவனுக்கு! ஜெயிச்சாச்சுன்னு என் மச்சான் முதுகுல தட்டினான்.

திரும்பினா, வினோதினி வாசப்படியில நிக்கறா. தலை சீவி, பொட்டு வெச்சு, பையைக் கையில பிடிச்சுக்கிட்டு. 'பையை எதுக்குத் தூக்கிட்டு நிக்கறே, உள்ள கொண்டு போய் வை'ன்னேன். நல்லவிதமாத்தான் சொன்னேன். வெச்சா. எங்கூடப் பேசல. அவளுக்கு மாமியாரை அப்படிப் பார்த்தது கஷ்டமா இருந்திருக்கும், இளகின மனசு.

அந்த வாரத்துலயே ஒரு நாள் நான் கடைக்குப் போயிருந்த நேரம், அவளே பஸ் ஏறித் துறையூருக்குப் போயிட்டா. யாரும் வந்து கூப்பிடல, யாரும் கொண்டுபோய் விடல. அதைத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன். என் பொண்ணு யாரு கால்லயும் விழல, உண்மை என்னன்னு நான் நிரூபிச்சதுக்கு அப்புறம், தலை நிமிர்ந்து தன் கால்ல நடந்து போனா. இல்லையா பின்ன? எப்பவாவது போன் பண்ணினா அவங்கம்மாகிட்டதான் பேசுவா. பொம்பளைப் பிள்ளைங்க அப்படித்தான், அம்மாகிட்ட ஒட்டிக்கும்.

வண்டி இங்கயே நிக்குது. அவங்க கேக்கல, நானும் அனுப்பல. ஆனா சும்மா போடல. பூவெல்லாம் வழிச்சு எடுத்து, ஓட்டை ரெண்டுலயும் கம்பி விட்டுக் குத்தி, பஞ்சு மெத்தையைப் புதுசா மாத்தி, கம்பளத்தை மறுபடி ஒட்டி, தினம் காலையில ஹோஸ் வெச்சு அடிக்கிறேன். ஒரு சொட்டு வரட்டும், மீசையை எடுத்துக்கறேன். துரு மட்டும் ரெண்டு போல்ட்டுல நின்னுடுச்சு. அந்தத் துருவைப் பார்த்துட்டுத்தான் நீ கேட்டே முங்கின வண்டியான்னு. இப்ப புரியுதா? போய் அங்க நிறுத்தினதும் என்ன பண்ணணும்னு சொல்றேன் கேட்டுக்கோ. நேரா மாப்பிள்ளைகிட்டப் போகாதே. சொந்தக்காரப் பொம்பளைங்க எல்லாம் வாசல்ல நிப்பாங்க, அவங்க நடுவுல நாலு கதவையும் திற. இடது பக்கக் கம்பளத்தைத் தூக்கி...

இரு. போன் அடிக்குது. ருக்குமணிதான்.

சொல்லுடி. ஆச்சா? நல்லபடியா ஆச்சா? வளையல் கை கொள்ளாம இருக்கா? சரி சரி. டிரைவர் வந்துட்டான், இதோ கிளம்பிட்டான்... என்ன? எது வேணாம்? ஏன் வேணாம்? சத்தமா பேசுடி. அங்கயேவா? யாரு சொன்னது? அந்த அம்மா சொல்லுச்சா? மாப்பிள்ளையா? அவளா? சும்மா சொல்லாதே. குடு அவகிட்ட. குடுன்னா குடு.

வினோதினி? அப்பாதான்மா. ம்... சாப்பிட்டியாம்மா? சரி. இல்லம்மா, கேளு, வண்டி சுத்தமா இருக்கு. சத்தியமா சொல்றேன், ஒரு சொட்டு... சரி. சொல்லு. நீ சொல்லு, நான் குறுக்க பேசல.

...

வெச்சுட்டா.

என்ன பார்க்கறே? வரலையாம். பிரசவம் அங்கயே பார்த்துக்கறாளாம். அவங்க அத்தை கூட இருப்பாங்களாம், அம்மாவும் அங்க வந்து தங்கிக்கட்டுமாம். தலைப்பிரசவம் புருஷன் வீட்டுல, ஊரு என்ன பேசும்? என்ன சொன்னா தெரியுமா? 'அப்பா, வண்டி காய்ஞ்சிருக்கும்னு எனக்குத் தெரியும். நான் வலியில கத்தறப்போ நீங்க வாசல்ல நின்னுக்கிட்டு யார் மேல தப்புன்னு சண்டை போட்டுக்கிட்டு இருப்பீங்க. எனக்குப் பயமா இருக்குப்பா. அதான் வரல'ங்கறா. அழல. நிதானமா சொல்றா. எங்கிட்ட. பயமா இருக்காம், என்கிட்ட பயமா இருக்காம் அவளுக்கு.

இது அவ பேச்சா? சொல்லு. மாமியார் எழுதிக் குடுத்துப் பேசற பேச்சு. என் பொண்ணுக்கு இப்படியெல்லாம் பேச வராது. நான் வளர்த்த பொண்ணு.

எல்லாம் உன்னாலதான். ஆமா, உன்னாலதான்! வந்ததும் சாவியை வாங்கினோமா, வண்டியை எடுத்தோமான்னு போயிருந்தா இந்நேரம் வாசல்ல போய் நின்னிருப்பே. வண்டி வாசல்ல வந்து நின்னுட்டா அவ மாட்டேன்னு சொல்லியிருப்பாளா? ஏறியிருப்பா. முங்கின வண்டியான்னு ஒரு கேள்வியைக் கேட்டு என்னை இவ்வளவு நேரம் பேச வெச்சே. எவன் உன்னைக் கேக்கச் சொன்னான்? துரு இருந்தா உனக்கென்ன? ஓட்ட வந்தவன் ஓட்ட வேண்டியதுதானே?

பேசாதே. சாவியைக் குடு. உன் வாடகையை வாங்கிக்கிட்டுப் போ, நாளைக்கு ஸ்டாண்டுல இந்தக் கதையைச் சொன்னே, தெரியும் சேதி.

போ. ஏன் நிக்கறே?

இரு. பின் சீட்டுல ரெண்டு தலையணை சாய்ச்சு வெச்சிருக்கேன். ரோடு குண்டும் குழியுமா இருக்கே, அவ முதுகுக்கு இருக்கட்டும்னு வெச்சேன். அதை எடுத்துட்டுப் போய் உள்ள, கீழ் ரூம் கட்டில்ல போட்டுட்டுப் போ. நீயே எடு. என்னால அந்தக் கதவைத் திறக்க முடியாது.